ஐடில் விளையாட்டையும் ஸ்டெல்த் விளையாட்டையும் ஒப்பிடுவது எப்படி?

திரையைத் திறந்து வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனாலும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கும் ஐடில் விளையாட்டையும், காவலன் திரும்பும் அரை நொடியில் கவனம் தவறினாலும் அகப்பட்டுவிடும் ஸ்டெல்த் ஆக்‌ஷன் விளையாட்டையும் ஒரே தராசில் நிறுத்த முடியுமா என்று கேட்பது நியாயமே. ஒப்பிட முயலும் பலர் வரைகலை, கதை, இசை, விலை என்று வழக்கமான தலைப்புகளை வரிசையாக நிரப்பி, எல்லாவற்றிலும் ஸ்டெல்த் விளையாட்டுக்கு அதிக மதிப்பெண் கொடுத்துவிட்டு, ஐடில் விளையாட்டு பொழுதுபோக்குக்கு மட்டும் ஏற்றது என்று முடித்துவிடுகிறார்கள். அதைப் படிப்பவருக்கு இரண்டைப் பற்றியும் புதிதாக எதுவும் தெரிவதில்லை. எந்த அளவுகோல் இரண்டுக்கும் பொருந்தும் என்பதை முதலில் முடிவு செய்யாமல் அளக்கத் தொடங்கியதால் வந்த குறை இது.

இரண்டுக்கும் பொதுவானது காத்திருத்தல் என்பது பல ஆண்டுகள் இவ்விரு வகைகளையும் மாறி மாறி ஆடிய பிறகு எனக்குப் புலப்பட்டது. ஐடில் விளையாட்டில் அடுத்த பொருளை வாங்கப் போதிய தொகை சேரும் வரை காத்திருக்கிறோம். ஸ்டெல்த் விளையாட்டில் காவலன் முதுகைக் காட்டும் வரை காத்திருக்கிறோம். முன்னதில் நாம் இல்லாமலேயே காத்திருப்பு நடந்து முடிகிறது, பின்னதில் நம் முழுக் கவனத்தையும் விலையாகக் கொடுத்தால்தான் முடிகிறது. ஆகவே, காத்திருக்கும் நேரத்தில் ஆட்டக்காரரிடம் விளையாட்டு எதைக் கேட்கிறது, அதற்குப் பதிலாக எதைத் தருகிறது என்ற கேள்வியை மையத்தில் வைத்து ஒப்பிட்டால் இரண்டும் ஒன்றையொன்று விளக்கத் தொடங்கும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் கேள்வியைத்தான் பின்தொடர்கிறது.

எந்த விளையாட்டுகளை எடுப்பது

வகைகளின் தோற்றத்தைச் சற்று அறிந்துகொண்டால் இணையைத் தேர்ந்தெடுப்பது எளிது. 2002-இல் வெளிவந்த ‘பிராக்ரஸ் குவெஸ்ட்’, பாத்திரத்தை உருவாக்கிய பின் ஆட்டக்காரருக்கு எந்த வேலையும் கொடுக்காமல் தானே சண்டையிட்டுத் தானே பொருள் சேர்த்தது. அன்றைய இணையவழிப் பாத்திர விளையாட்டுகளைக் கேலி செய்வதற்காக எழுதப்பட்ட அந்த நிரலில் பிற்கால ஐடில் விளையாட்டின் எலும்புக்கூடு முழுமையாக இருக்கிறது. 2013-இல் பிரெஞ்சு நிரலாளர் ஜூலியன் தியெனோ வெளியிட்ட ‘குக்கி கிளிக்கர்’ அந்த எலும்புக்கூட்டுக்குச் சதையும் உயிரும் கொடுத்து வகையையே பரவலாக்கியது. ஸ்டெல்த் பக்கம் 1981-இன் ‘காசில் வுல்ஃபென்ஸ்டைன்’ தொடங்கி வரலாறு நீள்கிறது. எம்எஸ்எக்ஸ்2 கணினிக்காக 1987-இல் ஹிடேயோ கோஜிமா வடிவமைத்த ‘மெட்டல் கியர்’, ஒரே திரையில் நிறைய எதிரிகளையும் குண்டுகளையும் காட்ட அந்தக் கணினியால் இயலாத நிலையில், சண்டையிடுவதற்குப் பதில் ஒளிந்து செல்வதையே ஆட்டமாக்கியது. 1998-இல் ‘டென்சூ’, ‘மெட்டல் கியர் சாலிட்’, ‘தீஃப்: தி டார்க் பிராஜெக்ட்’ ஆகிய மூன்றும் ஒரே ஆண்டில் வந்து வகையின் இலக்கணத்தை நிலைநிறுத்தின.

முதன்முறையாக ஒப்பிடுபவருக்கு ‘குக்கி கிளிக்கர்’, ‘மார்க் ஆஃப் தி நிஞ்ஜா’ என்ற இணையைப் பரிந்துரைக்கிறேன். இரண்டும் தம் விதிகளை மறைக்காமல் திரையிலேயே எழுதிக்காட்டுகின்றன என்பதே காரணம். முன்னதில் ஒவ்வொரு கட்டடமும் நொடிக்கு எத்தனை குக்கி தருகிறது என்பது எண்ணாகத் தெரியும். கிளெய் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட பின்னதில், நாம் எழுப்பும் ஓசை எவ்வளவு தூரம் கேட்கும் என்பது வட்டமாகவும், காவலன் எதுவரை பார்ப்பான் என்பது ஒளி பரவும் பகுதியாகவும் வரையப்பட்டிருக்கும். விதி கண்ணுக்குத் தெரியும்போது, நம் தவற்றுக்கு நாம் பொறுப்பா, விளையாட்டு பொறுப்பா என்று பிரித்தறிவது எளிது. முப்பரிமாண ஸ்டெல்த் விளையாட்டை முதலிலேயே எடுத்துக்கொண்டால், கேமராவைத் திருப்பப் பழகுவதற்கே பாதி நேரம் போய்விடும். அந்தத் தடுமாற்றத்தை வகையின் குறை என்று தவறாக எழுதிவிடும் அபாயமும் உண்டு.

ஓர் எச்சரிக்கை. முடிவுள்ள விளையாட்டை முடிவில்லாததோடு ஒப்பிடும்போது அந்த வேறுபாட்டை வகையின் மேல் ஏற்றிவிடக் கூடாது. ஐடில் விளையாட்டுகள் எல்லாம் முடிவின்றி ஓடுபவை என்ற எண்ணம் தவறு. ஃபிராங்க் லான்ட்ஸ் 2017-இல் வெளியிட்ட ‘யுனிவர்சல் பேப்பர்கிளிப்ஸ்’ காகிதக் கவ்வி செய்யும் ஒரு பொத்தானில் தொடங்கி, அண்டத்தில் உள்ள பொருள் அனைத்தும் கவ்வியாகித் தீர்ந்ததும் உண்மையாகவே முடிந்துவிடும். முடிவுள்ள கதையைத்தான் ஒப்பிட வேண்டும் என்றால் ஐடில் பக்கம் இதை எடுத்துக்கொள்ளலாம்.

நேரத்தைப் பங்கிடுதல்

இரண்டுக்கும் சமமாகப் பத்து மணி நேரம் ஒதுக்குவது நியாயமானது போலத் தோன்றினாலும், அது ஐடில் விளையாட்டுக்கு இழைக்கும் அநீதி. பத்து மணி நேரம் அதன் எதிரில் உட்கார்ந்திருப்பவர் அந்த விளையாட்டு எதிர்பார்க்காத முறையில் அதை ஆடுகிறார். சலிப்பு வருவது உறுதி. ஐடில் விளையாட்டை நாள்களால் அளக்க வேண்டும், ஸ்டெல்த் விளையாட்டை அமர்வுகளால் அளக்க வேண்டும். ஒரு வாரம் முழுவதும் ஐடில் விளையாட்டைக் காலையும் மாலையும் சில நிமிடங்கள் திறந்து பாருங்கள். அதே வாரத்தில் மூன்று அல்லது நான்கு முறை, குறுக்கீடு இல்லாத ஒன்றரை மணி நேரத்தை ஸ்டெல்த் விளையாட்டுக்கு ஒதுக்குங்கள். இரைச்சலான இடத்தில் அதை ஆடாதீர்கள். காலடியோசையைக் கேட்க முடியாத ஸ்டெல்த் ஆட்டம் பாதி ஆட்டமே. காது கேளாதவர்களும் சமமாக ஆட முடிவது, ஓசையைப் படமாக வரைந்துகாட்டும் ‘மார்க் ஆஃப் தி நிஞ்ஜா’ போன்றவற்றின் தனிச்சிறப்பு, அதையும் குறித்துக்கொள்ளலாம்.

குறிப்பேடு கட்டாயம் வேண்டும். நினைவை நம்பி எழுதினால், ஸ்டெல்த் விளையாட்டின் உச்சக் கணங்கள் மட்டும் மனத்தில் நின்று, அவற்றுக்கு முன் இருளில் பதுங்கியிருந்த நீண்ட நிமிடங்கள் மறந்துபோகும். ஐடில் விளையாட்டிலோ நேர்மாறாக, திறந்து மூடிய சிறுசிறு கணங்களின் கூட்டுத்தொகை நாம் நினைத்ததைவிட மிக அதிகமாக இருக்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் மூன்று எண்களை எழுதுங்கள்: கை வேலை செய்த நேரம், கை ஓய்ந்திருக்கக் கண் மட்டும் கவனித்த நேரம், விளையாட்டு ஓடிக்கொண்டிருக்க நாம் அதன் எதிரில் இல்லாத நேரம். தோராயமான நிமிடங்கள் போதும். நான் முதன்முதலாக இப்படிக் குறித்தபோது, ஸ்டெல்த் விளையாட்டில் இரண்டாவது எண்ணே மிகப் பெரியதாக இருந்தது எனக்கு வியப்பாக இருந்தது. ஆக்‌ஷன் என்று பெயரில் இருந்தாலும், ஆட்டத்தின் பெரும்பகுதி பார்த்துக்கொண்டிருப்பதுதான்.

ஐடில் விளையாட்டின் கணக்கைப் படித்தல்

ஐடில் விளையாட்டில் சிந்திக்க ஒன்றுமில்லை என்று எழுதுபவர்கள் அதன் விலைப்பட்டியலைப் படிக்கவில்லை என்று பொருள். ‘குக்கி கிளிக்கர்’ விளையாட்டில் ஒரு கட்டடத்தை வாங்கும் ஒவ்வொரு முறையும் அதன் அடுத்த விலை 15 சதவீதம் ஏறுகிறது. ஐந்து முறை வாங்கினால் விலை ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும், பத்து முறை வாங்கினால் நான்கு மடங்காகிவிடும். ஆனால், மேம்பாடுகளைக் கணக்கில் சேர்க்காவிட்டால், வாங்கிய ஒவ்வொன்றும் தரும் உற்பத்தி அதே அளவில்தான் இருக்கும். விலை பெருக்கலில் ஏற, வரவு கூட்டலில் ஏறுகிறது. காத்திருப்பு ஏன் நீண்டுகொண்டே போகிறது என்பதற்கு இந்த ஒரு விதியே விடை.

இதிலிருந்து ஒப்பீட்டுக்குப் பயன்படும் எண்ணை எடுக்கலாம். ஒரு பொருள் தன் விலையைத் தானே ஈட்டித் தர எத்தனை நொடி ஆகும் என்று பாருங்கள். கர்சர், பாட்டி, பண்ணை என்பவை அங்கே வாங்கும் கட்டடங்களின் பெயர்கள். தொடக்கத்தில் கர்சரின் விலை 15 குக்கி, அது நொடிக்கு 0.1 தருகிறது, ஆக 150 நொடி. பாட்டியின் விலை 100, நொடிக்கு 1 தருகிறார். ஆக 100 நொடி. பண்ணையின் விலை 1,100, நொடிக்கு 8 தருகிறது, ஆக 137.5 நொடி. முதலில் பாட்டியே லாபம். ஆனால் மூன்று பாட்டிகளை வாங்கிய பின் நான்காவது பாட்டியின் விலை 153 ஆகிவிடுவதால், அந்த இடத்திலேயே பண்ணை முந்திவிடுகிறது. பண்ணைக்கு வேண்டிய 1,100 குக்கி கையில் சேர இன்னும் நேரம் ஆகும் என்பதால், லாபம் குறைந்தாலும் உடனே கிடைப்பதை வாங்கிக்கொண்டே போவதா, கையைக் கட்டிக்கொண்டு பெரியதற்குச் சேமிப்பதா என்ற கேள்வி எழுகிறது. குறிப்பிட்ட எண்ணிக்கையை எட்டியதும் உற்பத்தியை இரட்டிப்பாக்கும் மேம்பாடுகள் திறந்துகொள்வதால், இந்தக் கணக்கு அடிக்கடி தலைகீழாக மாறும். ஐடில் விளையாட்டின் உண்மையான ஆட்டம் இந்த இடத்தில் இருக்கிறது. ஒப்பீட்டில் இதற்கு இடம் கொடுக்காவிட்டால் அது வெறும் பொத்தான் அழுத்தும் வேலையாகத்தான் தெரியும்.

ஏற்றம் ஒரு கட்டத்தில் நின்றுபோகும்போது, எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரு நிரந்தரப் பலனோடு மீண்டும் தொடங்கச் சொல்வது இவ்வகையின் மரபு. பிரெஸ்டீஜ் என்று ஆட்டக்காரர்கள் அழைக்கும் இந்த ஏற்பாட்டில், ‘குக்கி கிளிக்கர்’ முதல் படியைத் தர மொத்தம் ஒரு லட்சம் கோடி குக்கிகளைக் கேட்கிறது. இரண்டாம் படியை எட்ட மொத்தம் 8 லட்சம் கோடி, மூன்றாம் படிக்கு 27 லட்சம் கோடி என்று கன எண்களின் வரிசையில் உயர்கிறது. எப்போது அழித்துத் தொடங்குவது என்று ஆட்டக்காரர் முடிவெடுத்த தருணத்தைக் குறிப்பேட்டில் தனியாக எழுதுங்கள். பல நாள் உழைப்பைத் தம் கையாலேயே அழிக்கும் அந்தக் கணத்தின் மனநிலைக்கும், ஸ்டெல்த் விளையாட்டில் அகப்பட்டவுடன் பழைய சேவ் இடத்துக்குத் திரும்பும் மனநிலைக்கும் உள்ள வேறுபாடு மிகவும் பேசத்தக்கது. முன்னதில் இழப்பு ஒரு முதலீடாகிறது, பின்னதில் இழப்பு ஒரு பாடமாகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஐடில் விளையாட்டு கவனத்தை அறவே கேட்பதில்லை என்பதும் சரியன்று. ‘குக்கி கிளிக்கர்’ திரையில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தங்கக் குக்கி தோன்றிச் சிறிது நேரத்தில் மறையும். அதைத் தொட்டால், சில வேளைகளில் 77 நொடிகளுக்கு உற்பத்தி ஏழு மடங்காகும். அதற்காகவே திரையை விட்டு விலகாமல் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. அந்த வேளையில் அவர்கள் செய்வது, காவலன் திரும்பக் காத்திருக்கும் ஸ்டெல்த் ஆட்டக்காரரின் வேலைக்கு மிக அருகில் வருகிறது.

ஸ்டெல்த் விளையாட்டின் அறையைப் படித்தல்

இங்கே எண்களுக்குப் பதில் இடம் பேசுகிறது. ஒரு லெவலை முழுவதும் மதிப்பிட முயலாமல் ஓர் அறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எத்தனை காவலர்கள், ஒவ்வொருவரும் எந்த வழியில் எத்தனை நொடியில் சுற்றிவருகிறார்கள், இருவரின் பார்வையும் ஒரே நேரத்தில் விலகும் இடைவெளி எவ்வளவு என்று குறியுங்கள். பிறகு, நகரத் துணிவதற்கு முன் எத்தனை சுற்றுகள் வேடிக்கை பார்த்தீர்கள் என்பதை எழுதுங்கள். நல்ல அறையில் முதல் சுற்றில் ஒரு வழி தெரியும், இரண்டாம் சுற்றில் இன்னொன்று தெரியும், மூன்றாம் சுற்றில் முதல் வழி ஏன் சரிவராது என்பது தெரியும். மோசமான அறையில் எத்தனை சுற்று பார்த்தாலும் ஒரே வழிதான். அங்கே காத்திருப்பது வெறும் தாமதம். ஐடில் விளையாட்டில் தொகை சேரும் வரை விழிக்கும் நிலைக்கும் இதற்கும் வேறுபாடில்லை, ஐடில் விளையாட்டாவது நம்மை எழுந்துபோக விடுகிறது.

காத்திருக்கும்போது விளையாட்டு என்ன தகவல் தருகிறது என்பது அடுத்தது. ‘தீஃப்’ விளையாட்டில் திரையின் அடியில் ஒளிக்கல் ஒன்று இருக்கும்; நாம் வெளிச்சத்தில் நின்றால் அது ஒளிரும், இருளில் நின்றால் மங்கும். உலோகத் தளத்திலும் ஓட்டுத் தளத்திலும் காலடி உரக்க ஒலிக்கும், கம்பளத்தில் அடங்கும். தீப்பந்தத்தை நீர் அம்பால் அணைக்கலாம், ஒலிக்கும் தளத்தைப் பாசி அம்பால் மெத்தையாக்கலாம். ஆகவே அங்கே காத்திருப்பவர் சும்மா இருப்பதில்லை. எந்த ஒளியை அணைப்பது, எந்தத் தளத்தைத் தவிர்ப்பது என்று இடத்தையே வாசித்துக்கொண்டிருக்கிறார். 2000-இல் தொடங்கிய ‘ஹிட்மேன்’ வரிசையில் இருளுக்குப் பதில் உடை மறைப்பாகிறது. வேடம் தரித்துக் கூட்டத்தின் நடுவே நின்று, யார் யாரோடு பேசுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே காத்திருக்கலாம். இரண்டுமே ஸ்டெல்த் என்றாலும் காத்திருப்பின் சுவை வேறு. எனக்கு ‘தீஃப்’ தரும் தனிமையே நெருக்கமானது. ஒப்பிடுபவர் தம் சாய்வை இப்படி வெளிப்படையாகச் சொல்லிவிடுவது வாசகருக்கு உதவும்.

கடினம் எப்படி உயர்கிறது என்பதிலும் ஓர் அரிய வேறுபாடு கிடைக்கும். ‘தீஃப்’ விளையாட்டில் கடின நிலையை உயர்த்தினால் புதிய இலக்குகள் சேரும். எக்ஸ்பர்ட் நிலையில் மனிதர் எவரையும் கொல்லக் கூடாது என்ற கட்டுப்பாடும் வந்துவிடும். அதாவது ஆட்டக்காரரின் கருவி ஒன்று பறிக்கப்படுகிறது. ‘மெட்டல் கியர் சாலிட் 5: தி ஃபேன்டம் பெயின்’ விளையாட்டில் நாம் தலையையே குறிவைத்துச் சுட்டுக்கொண்டிருந்தால் எதிரிகள் தலைக்கவசம் அணியத் தொடங்குவார்கள், நம் பழக்கமே நமக்கு எதிராகத் திரும்புகிறது. ஐடில் விளையாட்டிலோ கடினம் என்பது இலக்கத்தின் நீளம் மட்டுமே. ஆட்டக்காரரின் பழக்கத்துக்கு ஏற்ப அது மாறுவதில்லை, அந்த மாறாத்தன்மையில்தான் அதன் ஆறுதலும் இருக்கிறது.

தவற்றின் விலை

இரண்டு வகையையும் ஒரே அலகில் கொண்டுவர எனக்குத் தெரிந்த சிறந்த வழி, ஒரு தவற்றைச் சரிசெய்ய எத்தனை நிமிடம் ஆகிறது என்று அளப்பது. ஐடில் விளையாட்டில் தவறான பொருளை வாங்கிவிட்டால், அந்தத் தொகை மீண்டும் சேரும் நேரமே இழப்பு. வாங்கியதும் ஏதோ கொஞ்சம் ஈட்டித் தருகிறது என்பதால் முழு இழப்பு என்று ஒன்று அநேகமாக இல்லை. ஸ்டெல்த் விளையாட்டில் அகப்பட்டால் கடைசியாகச் சேவ் செய்த இடத்திலிருந்து மீண்டும் வர வேண்டும், அல்லது எச்சரிக்கை அடங்கும் வரை எங்காவது பதுங்க வேண்டும். நிமிடக் கணக்கில் இது பெரும்பாலும் ஐடில் விளையாட்டின் இழப்பைவிடக் குறைவாகவே இருக்கும், ஆனால் உடல் உணரும் பதற்றம் பல மடங்கு. அளந்த நிமிடத்தையும் உணர்ந்த பதற்றத்தையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிவைத்தால், எண்ணும் உணர்வும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பது கண்முன் நிற்கும்.

இந்த அளவீட்டைக் கெடுப்பது, நினைத்த இடத்தில் உடனே சேவ் செய்துகொள்ளும் குயிக் சேவ். ஒவ்வோர் அடிக்கும் சேவ் செய்துகொண்டே போனால் தவற்றின் விலை ஏறத்தாழச் சுழியமாகி, ஸ்டெல்த் விளையாட்டு சோதனைச்சாலை போலாகிவிடும். சில விளையாட்டுகள் இதை விரும்பியே ஊக்குவிக்கின்றன. 2016-இல் வந்த ‘ஷேடோ டாக்டிக்ஸ்’ கடைசியாகச் சேவ் செய்து எவ்வளவு நேரமாயிற்று என்று திரையிலேயே நினைவூட்டும். ஆகவே ஒரே லெவலை ஒருமுறை தாராளமாகச் சேவ் செய்தும், இன்னொரு முறை சேவ் செய்யாமலும் ஆடிப் பார்த்து, இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐடில் பக்கத்தில் இதற்கு இணையான சோதனை, அறிவிப்புகளை ஒரு நாள் முழுவதும் அணைத்துவைப்பது. அழைப்பு வராதபோதும் தானாகத் திறந்து பார்த்தீர்களா என்பது, ஆட்டம் உங்களை இழுக்கிறதா, அறிவிப்பு மட்டும் இழுக்கிறதா என்பதைக் காட்டிவிடும்.

மூடிவைத்த பிறகு

விளையாட்டை மூடிய பிறகு என்ன நடக்கிறது என்பதை ஒப்பீடுகள் பெரும்பாலும் தவறவிடுகின்றன. ஐடில் விளையாட்டு அனைத்தும் மூடிய பின்னும் ஓடும் என்பது பொதுவான நம்பிக்கை, ஆனால் விதி விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். ‘குக்கி கிளிக்கர்’ உலாவியில் திறந்திருக்கும் வரைதான் உற்பத்தி செய்யும். மூடிய பின்னும் சிறு பங்கு சேர வேண்டுமானால் முதல் பிரெஸ்டீஜுக்குப் பிறகு அதற்கான மேம்பாட்டை வாங்க வேண்டும். கைபேசியில் வரும் பல ஐடில் விளையாட்டுகள் தொடக்கத்திலிருந்தே மூடிய நேரத்துக்கும் கணக்குக் கொடுக்கின்றன, சில மணி நேரத்துக்கு மேல் கொடுப்பதில்லை என்ற வரம்பும் வைக்கின்றன. அந்த வரம்பைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் நாளுக்கு எத்தனை முறை திரும்பி வர வேண்டும் என்று விளையாட்டு எதிர்பார்க்கிறது என்பதை அந்த எண்தான் சொல்கிறது.

ஸ்டெல்த் விளையாட்டை நிறுத்தினால் காவலன் தூக்கிய காலோடு உறைந்து நிற்பான், எதுவும் வளராது. ஆனால் ஆட்டக்காரரின் மனத்தில் ஆட்டம் தொடர்கிறது. கடக்க முடியாமல் விட்ட ஒரு முற்றத்தை, பாத்திரம் கழுவும்போதும் நடக்கும்போதும் மனத்துக்குள் சுற்றிவந்து, கூரை வழியாகப் போயிருக்கலாமே என்று மறுநாள் தோன்றி, உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் கடந்த அனுபவம் எனக்குப் பலமுறை வாய்த்திருக்கிறது. ஐடில் விளையாட்டில் நாம் இல்லாதபோது இயந்திரம் வேலை செய்கிறது, ஸ்டெல்த் விளையாட்டில் இயந்திரம் நின்றபின் நாம் வேலை செய்கிறோம். குறிப்பேட்டின் மூன்றாவது எண்ணுக்குப் பக்கத்தில், விளையாட்டிலிருந்து விலகியிருந்தபோது அதை எத்தனை முறை நினைத்தீர்கள், என்ன நினைத்தீர்கள் என்பதையும் எழுதினால் இந்த வேறுபாடு பிடிபடும்.

பணம்

விலையை மட்டும் ஒப்பிடுவது பயனற்றது. ஸ்டெல்த் விளையாட்டுகள் பெரும்பாலும் ஒருமுறை விலை கொடுத்து வாங்குபவை. கைபேசி ஐடில் விளையாட்டுகள் பெரும்பாலும் இலவசமாக வந்து, காத்திருப்பைக் குறைப்பதற்கு விளம்பரத்தையோ பணத்தையோ கேட்பவை. இங்கே கேட்க வேண்டியது, இந்தக் காத்திருப்பு ஆட்டத்துக்காக வைக்கப்பட்டதா, விற்பதற்காக வைக்கப்பட்டதா என்பதே. 2010-இல் இயன் போகோஸ்ட் உருவாக்கிய ‘கவ் கிளிக்கர்’, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாட்டைத் தொடுவதைத் தவிர வேறெதுவும் இல்லாமல், அந்த ஆறு மணி நேரத்தைத் தாண்டப் பணம் வாங்கிக்கொண்டு, அன்றைய சமூக வலைத்தள விளையாட்டுகளின் உள்ளமைப்பை உரித்துக் காட்டியது. உங்கள் ஐடில் விளையாட்டில் விளம்பரம் பார்க்கச் சொல்லும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போட்டுவாருங்கள். விளம்பரம் பார்க்காமலே ஒரு வாரம் சுவையாகப் போனால் அந்தக் காத்திருப்பு ஆட்டத்துக்குரியது. விளம்பரம் இல்லாமல் நகரவே முடியவில்லை என்றால் அதை வகையின் குறையாக எழுதாமல், அந்த விளையாட்டின் குறையாக எழுதுங்கள்.

இரண்டும் கலந்தவை

சில ஸ்டெல்த் விளையாட்டுகளுக்குள்ளேயே ஐடில் விளையாட்டு ஒன்று குடியிருக்கும். 2010-இன் ‘அசாசின்ஸ் கிரீட்: பிரதர்ஹுட்’ விளையாட்டில் சேர்த்துக்கொண்ட சீடர்களைத் தொலைதூர நகரங்களுக்குப் பணிக்கு அனுப்பிவிட்டு நாம் வேறு வேலை பார்க்கலாம், நேரம் கழிந்ததும் அவர்கள் பணமும் அனுபவமும் கொண்டு திரும்புவார்கள். 2015-இன் ‘தி ஃபேன்டம் பெயின்’ விளையாட்டிலும் வீரர்களை அனுப்பிக் காத்திருக்கும் பகுதி உண்டு. ஒப்பீட்டுக்கு எடுத்த விளையாட்டு இத்தகையது என்றால், அந்தப் பகுதியில் செலவான நேரத்தைத் தனிப் பத்தியில் குறியுங்கள்; இல்லையேல் எண்கள் குழம்பிவிடும். நேரம் கிடைத்தால் இத்தகைய ஒரு விளையாட்டை மூன்றாவதாகச் சேர்த்து ஆடுவது நல்லது, ஏனெனில் பதுங்கி வந்த களைப்பில் சீடர்களின் பட்டியலைத் திறக்கும்போது கிடைக்கும் தளர்வு, இரு வகைகளும் ஒன்றுக்கொன்று எதற்குப் பயன்படுகின்றன என்பதை ஒரே அமர்வில் உணர்த்திவிடும்.

எழுத உட்காரும்போது

வாரம் முடிந்ததும் குறிப்பேட்டைத் திறந்து, முதலில் எண்களைப் பார்க்காமல், எந்த விளையாட்டை எந்த வேளையில் தேடினீர்கள் என்பதை நினைவிலிருந்து எழுதுங்கள். பிறகு எண்களோடு ஒப்பிட்டு, இரண்டும் முரண்படும் இடங்களை அடிக்கோடிடுங்கள். கட்டுரையின் உயிர் அந்த அடிக்கோடுகளில்தான் இருக்கும். எது சிறந்தது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. எந்த நிலையில் இருப்பவருக்கு எந்தக் காத்திருப்பு பொருந்தும் என்று சொன்னால் போதும். அடிக்கடி எழுந்து போக வேண்டிய வேலையில் இருப்பவருக்கும், கவனம் சிதறிக் களைத்திருப்பவருக்கும் ஐடில் விளையாட்டு இடைஞ்சல் செய்யாத துணை. குறுக்கீடில்லாத ஒரு மணி நேரமும் தெளிந்த மனமும் உள்ளவருக்கு ஸ்டெல்த் விளையாட்டு அந்த ஒரு மணி நேரத்தை நிறைத்துவிடும். எண்களைக் கண்டால் கை தானாகத் திறந்து பார்க்கும் பழக்கம் உள்ளவருக்கு, முடிவுள்ள ஐடில் விளையாட்டையே பரிந்துரையுங்கள். பதற்றம் தாங்காதவருக்கு, விதிகளை வரைந்துகாட்டும் ஸ்டெல்த் விளையாட்டிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

முதல் வரைவை முடித்தபின், இரண்டில் உங்களுக்குக் குறைவாகப் பிடித்த விளையாட்டை மட்டும் இன்னொரு முறை, அதற்குப் பொருத்தமான வேளையில் ஆடிப் பாருங்கள். ஸ்டெல்த் என்றால் இரவின் அமைதியில் ஓர் அறை. ஐடில் என்றால் ஒரு நாள் முழுவதும் தொடாமல் விட்டு மறுநாள் காலை ஒரே ஒரு முறை. அதற்குப் பிறகும் மாற்ற வேண்டாம் என்று தோன்றும் வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு வெளியிடுங்கள்.